மாண்புமிகு ஜல்லி

இடித்த பழைய பேருந்து நிலையத்தை ஜல்லியாக அரைத்து, எஃகு இழை கலந்து, பொறியாளர் தமயந்தி வார்த்த கான்கிரீட் கட்டியை அமைச்சர் முன்னிலையில் வலிமைச் சோதனைக்காக இயந்திரம் நசுக்கியது. அமைச்சர் கையெழுத்துப் போட்டால்தான் புதிய நிலையத்தை இந்தக் கான்கிரீட்டில் கட்ட முடியும். தமயந்திக்கு அது மூன்று வருட உழைப்பு. கட்டி விரிசல் விட்டது. ஆனால் கட்சிக்காரர்களைவிட விசுவாசமாக இழைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டதால் சிதறவில்லை. விரிசலுக்குள் ஒரு கருங்கல் துண்டு. அதில் பொன்னெழுத்தில், ‘மாண்புமிகு’.

“கான்கிரீட்டுக்கே உங்களத் தெரியுதுங்கய்யா!” என்று உருகினார் உதவியாளர் சபாபதி.

“பேரு எங்கய்யா?” அமைச்சர் நகத்தால் நெம்பிப் பார்த்தார். இழைகள் விடவில்லை.

“அது முன்னாடி இருந்த அமைச்சரோட திறப்பு விழாக் கல்வெட்டுங்கய்யா. எல்லாத்தோடயும் சேத்து அரைச்சுட்டோம்,” என்றாள் தமயந்தி.

அமைச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒப்புதல் கோப்பை வாங்கிப் பேனாவைத் திறந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏம்மா, எனக்கு வைக்கப்போற கல்வெட்டு?”

“அதே கருங்கல்தாங்கய்யா.”

“அது... அரையுமா?”

தமயந்தியின் முகம் மலர்ந்தது. “அருமையா அரையுங்கய்யா!”

பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.