ஒன்றுகூட விடாமல்

"ஒண்ணைக்கூட உட்றாதே மாசாணி. ஒண்ணுக்கு வந்தா அத்தனைக்கும் பரவிப்போடும்" என்றான் ஐயாசாமி.

"தெரியுமுங்க. ஐஸ் உருகறதுக்குள்ள போட்டு முடிச்சரலாமுங்க" என்று மனைவி அடுத்ததைத் தூக்கி நீட்டினாள். அவன் கையில் வாங்கி ஒரு சொட்டு விட்டான்.

"மெதுவாப் புடி. கழுத்து நோகும்."

அப்போது நர்ஸ் அமலி வந்து நின்றாள். பல்லடத்துக் கோழிப்பண்ணையின் அந்தக் கொட்டகையில் இரண்டாயிரம் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன.

ஐயாசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மறுக்காவும் வந்துட்டீங்களா? எம் பொண்ணுக்குப் போலியோ சொட்டு மருந்து வேண்டாமுங்க அம்மணி."

"குஞ்சுக்கு மட்டும் போடறீங்க?"

"இது கம்பெனி மருந்துங்க. குஞ்சும் கம்பெனிக்காரனோடது, செத்தா அவனுக்கு நட்டம், அதனால நல்ல மருந்தாக் குடுப்பான். ஊடு தேடி வந்து சும்மா குடுக்கறது எதுக்குங்க? நம்ம சனம் பெருகக் கூடாதுன்னு வெளிநாட்டுக்காரன் போட்ட திட்டமுங்க. அதைக் குடிச்சா நாளைக்கு எம் பொண்ணு வயித்துல ஒரு புழு பூச்சி தங்காது!"

அமலி பையைத் திறந்தாள். அதிலிருந்து வெளியே வந்தது மருந்து அல்ல, இன்ச் டேப்.

"சொட்டு மருந்து போட வரலீங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல்ல விளங்காமப் போன காலுக்கு ஆஸ்பத்திரியில இரும்புப் பூட்ஸ் செய்யறாங்க. அளவெடுக்கணுமுங்க."

"நாந்தான் வரச் சொன்னேன்" என்றாள் மாசாணி, நிமிர்ந்து பார்க்காமல்.

ஐயாசாமியின் கையிலிருந்து நழுவிய குஞ்சு, இரண்டு கால்களாலும் ஓடிப்போய்க் கூட்டத்தில் கலந்தது.