டீச்சர் ஓட்டிய வண்டி

“டீச்சர் கைபட்ட வண்டிங்க. பொம்பளையாளு ஓட்டுன வண்டின்னா சும்மாவா? ஒரு கீறல் பாருங்க பார்ப்போம்!”

பின்சீட்டில் சாய்ந்தபடி உதயசூரியன் பெருமை பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த முகம்மது சுல்தான், வண்டி வாங்குவதற்காகவே கோட்டைப்பட்டினத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர். ஓட்டிக்கொண்டிருந்தவள் உதயசூரியனின் மனைவி சிவரஞ்சனி டீச்சர்.

விராலிமலை மேம்பாலத்தில் வண்டி ஏறத் தொடங்கியது. பாதி மேட்டில் என்ஜின் வீறிட்டது. வண்டியோ கல்யாண வீட்டு மாமியார்போல ஆடி அசைந்து நகர்ந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்து வசைபாடிவிட்டுத் தாண்டிப் போனது.

“என்னங்க இது? சத்தம் மணமேல்குடி வரைக்கும் கேக்குது, வண்டி நவுர மாட்டேங்குது?”

“ஏசி ஓடுதுல்ல, அதான்…”

“ஏசியா? கன்வெர்ட்டர் வழுக்குதுங்க! பழைய டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு வார வியாதி. எம் மச்சான் வண்டியிலயும் இதே கதைதான். கிரைண்டர்ல பெல்ட் வழுக்குனா மோட்டார் கத்தும், கல்லு சுத்தாதுல்ல? அது மாதிரி.”

சிவரஞ்சனி பாலத்தைச் சுற்றி வந்து, அதன் அடிவாரத்தில் இருந்த அப்ராரின் பட்டறை முன்பு வண்டியை நிறுத்தினாள். அந்த வண்டிக்கு ஆறு வருடமாக அவன்தான் மெக்கானிக்.

சுல்தான் இறங்கியதும் கேட்டார். “ஏம்ப்பா, மேட்டுல ஏற மாட்டேங்குதே?”

“ஆமாங்க, ஏறலை” என்றான் அப்ரார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

தானே ஒரு நடை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று காலையில் போனில் சொல்லியிருந்த சுல்தான், இப்போது சாவியைக்கூடத் தொடவில்லை. “வாரேங்க. மூணு மணி பஸ்ஸைப் புடிக்கணும்.”

இதோடு நான்காவது ஆள். நான்கு பேரும் இதே பாலத்தில்தான் மனம் மாறினார்கள்.

உதயசூரியனுக்கு வெள்ளிக்கிழமை புது வண்டி வருகிறது. வீட்டு ஷெட்டில் இடமோ ஒரு வண்டிக்குத்தான். அந்தப் புது வண்டிக்காக இரண்டு மாதம் அவர் விசாரிக்காத ஆள் கிடையாது. பேங்க் மேனேஜர், துபாயில் இருக்கும் மைத்துனன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் நிலவழகன், பெட்ரோல் பங்கில் காற்று அடிப்பவர் வரை எல்லோரிடமும் கருத்துக் கேட்டாயிற்று.

மனைவியை வீட்டில் இறக்கிவிட்டு, கொதிப்பு ஆறுவதற்குள் பாலம் ஏறாமல் கீழ்ச்சாலை வழியே தானே வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்.

“ஏண்டா அப்ரார், அடிமாட்டு விலைக்கு நீயே அமுக்கலாம்னு பார்க்குறியா? போன சர்வீசுல என்னத்தைக் கழட்டி வச்ச?”

அப்ரார் பானெட்டைத் தூக்கினான். கியர் ஆயில் அளவுகோலை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினான்.

“பாருங்க சார். ரோஸ் சர்பத்து மாதிரி செவப்பா இருக்கு. கன்வெர்ட்டர் வழுக்குற வண்டியில ஆயில் கறுத்துப்போயி தீஞ்ச வாடை அடிக்கும். மோந்து பாருங்க.”

வாடை இல்லை.

“ஏறி உக்காருங்க.”

அப்ரார் ஓட்டினான். பாலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

“இப்ப மட்டும் எப்படிடா ஏறுது?”

“வேணாம் சார், விடுங்க. சொன்னா ராத்திரி ஒங்களுக்குச் சோறு கெடைக்காது.”

“பட்டினி கெடக்குறேன். சொல்லு!”

“வலது காலு ஆக்சிலேட்டர்ல, எடது காலு பிரேக்குல. ரெண்டையும் சேர்த்து மிதிச்சா என்ஜின் கத்தும், வண்டி நவுராது. கன்வெர்ட்டர் நல்லா இருக்கான்னு நாங்க சோதிக்கிறதே அப்படித்தான். போன சர்வீசுல டீச்சர் பக்கத்துல நின்னு பார்த்தாங்க.”

“சிவரஞ்சனியா? உளறாதடா!”

“பட்டறை பாலம் ஏறுற எடத்துலயே இருக்கு சார். நாலு தடவையும் பார்த்தேன். மேட்டுல ஏறயில பின்னாடி செவப்பு லைட்டு எரியுது. மேடு ஏறும்போது யாராச்சும் பிரேக் புடிப்பாங்களா?”

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

“ஏறலையான்னு கேட்டாங்க, ஏறலைன்னேன். அது பொய் இல்லையே. டீச்சருக்கு எடது முட்டியில பிளேட் வச்சிருக்கு. பிரேக்குல லேசாக் காலை வைக்கலாம். நாள் பூரா கிளட்ச்சை அமுக்கி அமுக்கி மிதிக்க முடியுமா? இந்த ஆட்டோமேட்டிக்ல கிளட்ச்சே கெடையாது, நீங்க புக் பண்ணியிருக்கிறது கியர் வண்டி. இதை வித்துட்டா அன்னவாசல் பள்ளிக்கூடத்துக்கு அவங்க எதுல சார் போவாங்க?”

அப்ரார் வண்டியைப் பட்டறைப் பக்கம் திருப்பினான்.

“ஊரையே கேட்டீங்களாமே. வீட்டுல ஒரு வார்த்தை கேக்கலையா?”

“அதெப்படிக் கேக்காம இருப்பேன்? மொதல்ல அவகிட்டதாண்டா கேட்டேன்!” என்று சீறிய பிறகுதான், தான் கேட்டது என்ன என்பது உதயசூரியனின் நினைவுக்கு வந்தது.

“கலரு வெள்ளையா, சாம்பலா?”