துளிர் விட்டிருச்சா?

"இன்னும் ஒரு மடக்குக் குடிங்கண்ணே" என்று வேங்கைமரம் தன் வேர் வழியே பக்கத்து மருதமரத்தின் வேருக்குத் தண்ணீரைத் தள்ளியது. கோடையில் வந்தவர்கள் மருதை வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மண்ணுக்கு மேலே தனக்கு ஒன்றுமே இல்லை என்பது வெட்டுப்பட்ட மயக்கம் இப்போதுதான் தெளிந்த வேருக்குத் தெரியாது. தெரிந்தால் குடிப்பதை நிறுத்திவிடும். அந்தப் பெருங்காட்டில் வேங்கைக்கு மிஞ்சிய ஒரே பேச்சுத்துணை அதுதான்.

"எனக்குத் துளிர் விட்டிருச்சா?"

"பச்சைப்பசேல்னு நிக்கிறீங்க. கிளிங்க வேற வந்து ஒரே ரகளை."

"கண்ணு வைக்காத, போ" என்று மருது சிரித்தது. பிறகு கேட்டது: "ஆனா, உடம்புல காத்தே படலையே தங்கச்சி?"

"காத்தே இல்லண்ணே. ஒரே புழுக்கம்."

மலைச்சரிவிலிருந்து காற்று இறங்கி வந்தது. வேங்கை தன் இலைகள் சலசலக்காதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.