மாப்பிள்ளை விசாரிக்கப் போனவர்

“உங்கட மனிசன் கடைக்குப் போயிட்டாரா? அப்ப பயமில்ல. வாங்க, தொடங்குவம்.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இந்தக் குரல் வந்ததும், ஸைனுலாப்தீனின் கையிலிருந்த பிளேன்ரீ பாதி சட்டையில் சிந்தியது. குரல் றுவைஸுடையது. இன்னும் பன்னிரண்டு நாளில் அவருடைய மகள் ரிஸ்னாவைக் கல்யாணம் முடிக்கப் போகிற மாப்பிள்ளை!

மூதூர் லோஞ்சுப் படகு வந்து சேரும் ஜெட்டிக்கு எதிரே, பாயிஸின் தேத்தண்ணிக் கடையும் றுவைஸ் போன் திருத்துகிற கடையும் ஒரே கட்டடம். நடுவில் ஒரு பலகை, அவ்வளவுதான். மாப்பிள்ளையைப் பற்றி ஊரில் விசாரித்தால் எல்லோரும் நல்லவன் என்றே சொல்லுவார்கள். கல்யாணத்தைக் குழப்பிய பாவம் யாருக்கு வேண்டும்? அதனால் ஸைனுலாப்தீன், வழக்கம்போலத் தன் கடைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தானே வந்து, ஆள் கண்ணில் படாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார்.

“ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு இந்தக் கதைதான் காக்கா,” என்று பாயிஸ் குனிந்து முணுமுணுத்தான். “காதுல வயரை மாட்டினா ஒரு மணித்தியாலம். பப்ஜி விளையாடுறாராம்.”

“அது என்னடா?”

“போனுக்குள்ள நூறு பேர் பிளேன்ல இருந்து குதிச்சு ஆளையாள் சுடுறது. கடைசியா மிஞ்சுறவன்தான் ராசா. உலகமே இதுக்குப் பைத்தியமாத் திரிஞ்சது. என்ட மச்சான் ஒருத்தன் ஒரு வருசம் வேலைக்கே போகல்ல.”

“சுடுறதுக்கு அடுத்தவன்ட பொஞ்சாதி எதுக்குடா?”

பாயிஸ் மேசையைத் துடைக்கத் தொடங்கினான்.

ஸைனுலாப்தீன் பலகையை முறைத்துப் பார்த்தார். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் ஊர் வழக்கம். ஒரே கூரைக்குள் இப்படியொருத்தனையா கூப்பிட்டு வைப்பது? ரிஸ்னாவோ எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளை. இவனிடம் மாட்டினால் காலம் முழுக்க அழுதே தொலைவாள்.

அந்தப் பக்கம் றுவைஸ் சிரித்தான். “என்ன லீடர் கேக்கிறீங்க? மாமனாரா? அவரப் பார்த்தாத்தான் எனக்கு நடுக்கம். மறந்தும் சிரிக்க மாட்டார்.”

“கேட்டியாடா! என்னைப் பத்தியும் கதை நடக்குது.”

உடனே வீட்டிலிருக்கும் மனைவியின் போனுக்குக் கோல் எடுத்தார். இந்தச் சம்பந்தத்தைப் பிடித்ததே மனைவி நஜ்முன் நிஸாதான். நான் விசாரித்துவிட்டேன், தங்கமான பொடியன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். எங்கே போய் விசாரித்தாளோ! மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றுகூடத் திரைக்குப் பின்னால் நின்று தலையை மட்டும் ஆட்டியவள். மணி அடித்தது, கட் ஆனது. திரும்ப எடுத்தார், திரும்பவும் கட்.

“லீடர், ஏன் அப்படியே நிக்கிறீங்க? சுடுறானுகள், ஓடுங்க, ஓடுங்க!” என்று கத்தினான் றுவைஸ்.

அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. எழும்பி, ஒரே எட்டில் அடுத்த கடைக்குள் நுழைந்தார்.

“மாமா! வாங்க, இருங்க,” என்று றுவைஸ் பதறிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டான்.

“இருக்க வரல்ல. மனிசன் கடைக்குப் போற நேரம் பார்த்து உன்னோட கதைக்கிற பொம்புள யாரு?”

றுவைஸின் முகம் வெளிறியது. “அல்லாஹ்வே! அப்படியில்ல மாமா. அவ எங்கட டீம் லீடர். பேர் தெரியா, ஊர் தெரியா. எட்டு மாசமா ஒண்டா விளையாடுறம். முந்தி நான் தோத்தா போனைத் தூக்கி அடிக்கிற ஆள், ரெண்டு போனை உடைச்சனான். தோத்தாச் சிரிக்கோணும், விழுந்தவனத் தூக்கி விட்டுட்டுத்தான் ஓடோணும் எண்டு அவதான் பழக்கினவ. இப்ப எனக்குக் கோவமே வாறல்ல.”

“ஓஹோ! உம்மா வாப்பா பழக்காததை அவ பழக்கினாவாக்கும்! கல்யாணக் கதையெல்லாம் எதுக்கு அவட்ட?”

“அவதான் கேப்பா மாமா. தொழுதீங்களா, உம்மாக்கு மருந்து வாங்கினீங்களா, பிள்ளையப் பிடிச்சிருக்கா… எல்லாம் கேப்பா.”

“முகம் தெரியாதவளுக்கு உன்ட கல்யாணத்துல என்னடா அக்கறை? நான் என்ன மடையனா? கல்யாணமும் இல்ல, ஒண்டும் இல்ல. இண்டைக்கே உன்ட வாப்பாக்கு ஆள் அனுப்புறன்!”

றுவைஸின் கண் கலங்கிவிட்டது. “மாமா, ரிஸ்னாவ விட என்னால ஏலாது. அவ இன்னும் லைன்லதான் இருக்கிறா. நீங்களே கேளுங்க,” என்று காதிலிருந்த வயரைப் பிடுங்கிவிட்டுப் போனை நீட்டினான்.

ஸைனுலாப்தீன் அதை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு ஜெட்டி வரைக்கும் கேட்கும்படி கத்தினார்: “யாரடி நீ? உன்ட மனிசன் எவன்? அவன்ட பேரைச் சொல்லு! பொஞ்சாதியக் கட்டி மேய்க்கத் தெரியாத அந்த மடையனை நான் இப்பவே பார்க்கோணும்!”

போனுக்குள் துப்பாக்கிச் சத்தம் நின்றது. பிறகு, முப்பது வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிற குரல் சொன்னது: “ஏன் இந்தக் கத்துக் கத்துறீங்க? நம்மட வீட்டுல வந்து இருக்கப் போற மருமகன நான் விசாரிக்காம வேற யார் விசாரிக்கிற?”