ஊர்க்கணக்கு

மார்ச் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. என் மகனின் மூச்சை அளக்க மறுத்துவிட்டார்கள்.

இதுவே என் குறை. இதைச் சொல்ல அடைமொழிகள் தேவையில்லை.

கல்லை அரைத்து மாவாக்கும் ஆலையின் வாசலில் ஆய்வுக்குழுவின் வேன் நின்றிருந்தது. வேனின் நிழலில் ஒரு மேசை. மேசைமேல் ஊதுகுழாய் பொருத்திய ஒரு கருவி. அதன்முன் தொழிலாளர் வரிசை.

குழாயில் ஊதினால், நெஞ்சில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கருவி சொல்லிவிடும். ஆண்டுதோறும் இப்படி அளந்து, இறப்புகளையும் எண்ணி, ஆலைத் தொழிலாளரையும் ஊர்மக்களையும் ஒப்பிட்டு, எவருக்கு நோய் மிகுதி, எவர் முந்தி இறக்கிறார் என்று அறிவிக்கிறார்கள்.

சென்ற ஆண்டின் முடிவு ஆலைக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. ஆலைத் தொழிலாளர் ஊர்மக்களைவிட நலமாக உள்ளனராம். இறப்பும் குறைவாம்.

அந்தத் தாளில் இரண்டு சந்திப்பிழைகள் இருந்தன. அவற்றை மன்னித்துவிடலாம். அந்தத் தாளைக் காட்டித்தான், அரைவைக்கூடத்தின் தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறிகள் தேவையில்லை என்று நிர்வாகம் முடிவுசெய்தது. அதை மன்னிக்க இயலாது.

மகனை ஆட்டோவிலிருந்து இறக்கினேன். மருமகள் விடியுமுன்பே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவதால், அவன் சட்டைப் பொத்தான்களை நானே போட்டுவிட்டிருந்தேன். ஒன்று இடம் மாறியிருந்ததை வெளிச்சத்தில்தான் கண்டேன்.

மேசைவரை அவனால் ஒரே நடையாக வர முடியவில்லை. பாதி வழியில் என் தோளைப் பற்றிக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் நில்லுங்கப்பா. உங்களுக்கு மூச்சு வாங்குது பாருங்க."

இப்படித்தான் அவன் வேடிக்கை பேசுவான். பேசியதற்கும் சேர்த்து மீண்டும் நின்று இளைப்பாற வேண்டியிருந்தது.

அளவெடுத்த பெண் அடையாள அட்டையைக் கேட்டாள். அவன் வேலையைவிட்டு நின்ற அன்றே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்றேன்.

"அப்ப முடியாதுங்க சார். இப்ப வேலைல இருக்கறவங்கள மட்டும்தான் எடுக்கச் சொல்லியிருக்காங்க."

அவள் கடுமையாகப் பேசவில்லை, அதையும் பதிவுசெய்கிறேன். தன் நாற்காலியைக்கூட அவனுக்குத் தந்தாள். வேலையைவிட்டு நின்றவர்களை எங்கே சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். ஊர்மக்கள் கணக்கில் என்றாள். அவர்கள் இறந்தால்? அதுவும் ஊர்க்கணக்கில்தான் என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது.

நெஞ்சு கெட்டவன் நிற்க முடியாமல் விலகுகிறான். விலகியவனை எவரும் எண்ணுவதில்லை. எஞ்சி நிற்பவர்கள் நலமாக இருக்கிறார்கள். தேறமாட்டாத பிள்ளைகளுக்கு மாற்றுச்சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு, முழுத்தேர்ச்சி என்று வாசலில் பதாகை கட்டிய பள்ளிகளை நான் அறிவேன். இவர்களோ அதற்கும் ஒரு படி மேலே சென்றுவிட்டார்கள். என் மகன் இறந்தால் ஊரின் இறப்பு ஒன்று கூடும். அருகில் வைத்துப் பார்க்கையில் ஆலை இன்னும் சற்றுப் பளிச்சிடும்.

இதையெல்லாம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலும். சத்தம் கேட்டு ஆலையின் மேற்பார்வையாளர் வந்தார்.

என் வயதுக்கும் என் தொழிலுக்கும் பொருந்தாத ஒன்றை அவரிடம் கேட்டேன். கைகூப்பியே கேட்டேன். இவனை இன்று மட்டுமாவது மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். காவலாளியின் முக்காலியில் உட்காரவையுங்கள். சம்பளம் வேண்டாம். ஓர் அட்டை போதும்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"வாத்தியாரே, மூச்சு விடவே முடியாதவனுக்கு வேலை போட்டுக் குடுத்து, நாளைக்கே போய்ச் சேந்துட்டான்னா எங்க கணக்குலதானே வரும்?"

"அதுக்குத்தான் கேக்கறேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகே, மகன் என் அருகில் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அவன் கோபிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வந்ததிலிருந்து அவன் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேற்பார்வையாளர் எங்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வந்தவர் வேலைக்குப் புதியவர். நோயால் விலகியவரின் இடத்தை அதே குடும்பத்தில் ஒருவருக்குத் தருவது ஆலையின் வழக்கம். அதைப் பெருந்தன்மை என்றே எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சேர்ந்தவர். தலைமயிரிலும் இமைகளிலும் கல்மாவு படிந்திருந்தது. குழாயை வாயில் வைத்து, தயங்காமல், முழு நெஞ்சையும் காலிசெய்து ஊதினார். கருவியில் எண்கள் விறுவிறுவென ஏறின.

அளவெடுத்த பெண்ணின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து ஊதியவர்களில் இதுதான் மிக நல்ல மூச்சு என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஊதியவர் சிரிக்கவில்லை. நேராக எங்களிடம் வந்தாள். வெள்ளை மாவு அப்பிய விரல்களால் என் மகனின் சட்டையில் இடம் மாறியிருந்த பொத்தானைக் கழற்றி, சரியான துளையில் போட்டுவிட்டாள். பிறகு, அவன் பல ஆண்டுகள் நின்ற அதே அரைவைக்கூடத்துக்குள், விசிறியில்லாத அந்தத் தூசிமூட்டத்துக்குள், என் மருமகள் திரும்பிப் போனாள்.

வாசகரே, இந்த ஆண்டின் முடிவும் அந்தக் கதவில் ஒட்டப்படும். அதில் அவள் மூச்சு இருக்கும். அவன் மூச்சு இராது. அப்படியொரு தாள் உங்கள் கண்ணில் பட்டால், படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வரிசையில் நிற்காதவர்கள் எங்கே என்று கேளுங்கள். அவள் நன்றாக ஊதிக்கொண்டிருக்கும்போதே கேளுங்கள்.