காப்பின் உள்பக்கம்

பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியால், சரக்கு அடுக்கும் ரேக்கின் இரும்புக் காலை இடித்து வளைத்துவிட்டேனாம். அதைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். நான் இடிக்கவே இல்லை.

“வண்டி இடிக்காம ரேக் காலைச் சுத்தி இரும்புக் காப்பு போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேனே சார்!”

“ஓட்டத் தெரியாத துரைக்குக் காப்பு வேறயா?” என்று சூப்பர்வைசர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

ஆனாலும் காப்பு போட்டார்கள். மறுநாளே அது உள்ளிருந்து வெளியே புடைத்திருந்தது. காப்புக்கும் காலுக்கும் நடுவே என் கைகூட நுழையாது. வண்டியோ பூட்டிக் கிடந்தது.

பட்டப்பகலில், நானும் சூப்பர்வைசரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அது இன்னும் ஒரு விரல் அளவு புடைத்தது.

“உன் கடன் தள்ளுபடிப்பா. அந்த ரேக் சரக்கை மட்டும் இறக்கிடு,” என்று சாவியை நீட்டினார்.

“முதல்ல எழுதிக் கொடுங்க.”

எழுதினார். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே நடந்தேன். பின்னால் இரும்பு முனகியது. அவர் சாவியோடு அங்கேயே நின்றார்.