எதிர் வீட்டு இருமல்

அவள் இருமினாள். அவன் சட்டென்று எழுந்து மின்விசிறியை நிறுத்தினான்.

நிறுத்திவிட்டு நின்றவனுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. அவள் இருமியது தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இவனுக்கு அது ஹெட்போனில்தான் கேட்டது. வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் விசிறியை மறுபடி போடவில்லை.

உளவுத் துறையில் அவனுக்குப் பெயரே 'காது'தான். அடுத்தவர் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்டு, டேப்பில் பதிந்து, தட்டச்சு செய்து மேலே அனுப்புவது அவன் வேலை. ஊரில் எந்த வீட்டின் எந்தச் சுவருக்குள் கருவி இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

எதிர் மாடியில் இருப்பவள் பகை நாட்டு உளவாளி. அமைச்சகத்து அதிகாரி ஒருவர் அவளிடம் மயங்கிக் கிடந்தார். அதிகாரி என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், பழைய கோப்புகளுக்கு எண் போடுகிற பிரிவு. வாரம் தவறாமல் வந்து, தன் சர்க்கரை நோயைப் பற்றியும் வராத பதவி உயர்வைப் பற்றியும் புலம்பிவிட்டுப் போவார். அதனால் துறையில் அவருக்குச் 'சர்க்கரை' என்று பட்டம் வைத்திருந்தார்கள்.

"இந்த ஆள்கிட்ட கறக்கறதுக்கு என்ன இருக்குன்னு இவ இவ்வளவு மெனக்கெடறா?" என்று மேலதிகாரிக்கே எரிச்சல். "வந்து உக்காந்தா மாத்திரை பேரைத் தவிர ஒண்ணும் வாயில வரமாட்டேங்குது."

"என்னிக்காவது ஏதாவது உளறுவாருன்னு காத்துட்டு இருக்கா சார்," என்றான் காது.

சர்க்கரை இருக்கும்வரை அவள் வீட்டில் ரேடியோ அலறும், அதையும் மீறி அவர் புலம்பல் கேட்கும். அவர் தலை மறைந்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டுத் தனக்குத்தானே பேசுவாள். "யாருமே இல்லாத ஊர்ல வந்து மாட்டிக்கிட்டேன். சாப்டியா, தூங்கினியான்னு கேக்கக்கூட ஒரு நாதி இல்ல," என்பாள். பிறகு வெகுநேரம் விசும்பல் கேட்கும்.

காதுக்கு மனசு கேட்காது. அவள் தனிமையில் அழுததை மேலே இருப்பவர்கள் போட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். அந்த இடங்களை மட்டும் டேப்பிலிருந்து அழித்துவிடுவான். பிழைப்பில் அவன் செய்த முதல் திருட்டுத்தனம் அதுதான்.

வீட்டில் அவன் மனைவி எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொன்னேனே, காதுல விழுந்துச்சா இல்லையா? ஆளு இங்க இருக்கீங்க, மனசு எங்கங்க இருக்கு?" என்றாள். "கேட்டுட்டுதான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு அவன் அந்த இருமலை நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் பகலில் மேலதிகாரி அவன் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "போதும்ப்பா. நாளைக்குக் காலைல அவளைத் தூக்கிடறோம். கீழ் அறைக்குக் கொண்டு போனா தன்னால பேசுவா."

கீழ் அறைக்குப் போனவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்பது காதுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அந்த டேப்புகளையும் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறவன் அவன்தானே. அவள் குரல் அப்படி வந்தால் தன்னால் தாங்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

அவளை எச்சரித்துத் தப்பவிட்டது வெளியே தெரிந்தால் அவனையும் அதே அறைக்குத்தான் இழுத்துப் போவார்கள். மனைவியும் பாப்பாவும் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். எல்லாம் தெரிந்தும் அவன் மெஷினை நிறுத்தினான். வாசல் காவலாளியிடம், "டீ குடிச்சிட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தான்.

கதவைத் தட்டியதும் அவளே திறந்தாள். அவள் முகத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் முறை. நினைத்து வைத்திருந்ததைவிட வயது கூடுதலாகத் தெரிந்தது, காதோரம் நரைத்திருந்தது.

"நான் யாருன்னு கேக்காதீங்க," என்றான் மூச்சு வாங்க. "நாளைக்குக் காலைல உங்களைப் பிடிக்க வராங்க. கட்டின துணியோட இப்பவே எங்கயாவது போயிடுங்க."

அவள் பதறவில்லை. அவனை உள்ளே விட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒரு நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வரும்போது மெஷினை நிறுத்திட்டுதானே வந்தீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் சுரீரென்று உறைத்தது.

"எங்க மெஷின் ஓடிட்டுதான் இருக்கு," என்று அவள் அலமாரியைக் காட்டினாள். "இப்ப நீங்க சொன்னது உங்க மேலதிகாரி கைக்குப் போகக்கூடாது இல்லையா? இந்த ஊர்ல இன்னும் யார் யார் வீட்ல கருவி வச்சிருக்கீங்கன்னு ஒண்ணுவிடாம சொல்லுங்க."

அவன் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப, அந்த அதிகாரி?" என்றான் கடைசியில்.

"அவரு கிடக்கறாரு. முதல் நாள்லேர்ந்து நான் வளைச்சுப் போட்டது உங்களைத்தான்."